திகதி சொல்லும் கடைக்காரர்

"இருபத்தேழாந் திகதி ஒங்கட அலுமாரி ரெடி, சேர்" என்றார் முஹ்ஸின். திகனையில் தளபாடக் கடை வைத்திருப்பவர்.

என் மனைவி புஷ்பத்தின் முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பதாம் திகதி மகள் மதுஷாவுக்குக் கல்யாணம். அதற்குள் அலுமாரி கலகெதரையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் சம்பந்தி வீட்டார் வாய்க்கு நாங்கள்தான் அவல். அந்தப் பயத்தில் ஒரு மாதமாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

சந்தேகம் வந்தது அந்தத் திகதியால்தான். இன்று ஜூலை நான்கு. இருபத்து மூன்று நாள் என்று சொல்லியிருந்தால் புஷ்பம் "அவ்வளவு நாளா?" என்று எழுந்திருப்பாள். திகதி என்றதும் ஏதோ நாளை மறுநாள் போலக் காதில் விழுகிறது. யாரும் விரல் மடக்கி எண்ணுவதில்லை. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டரில் இருந்து நான் செய்வதும் இதைத்தான். ஆறு கிழமையாகும் என்றால் சண்டைக்கு வருவார்கள். திகதியைச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

"திகதி இருக்கட்டும். எத்தன நாளுன்னு சொல்லுங்க" என்றேன்.

"இருபத்தேழு திங்கக்கிழம சேர். காலையிலேயே லொறில ஏத்திருவோம்."

"கேட்டதுக்குப் பதில் வரலியே. இந்த வித்தையெல்லாம் என்கிட்ட வேணாம்."

முஹ்ஸின் கோபப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து திகதி எழுதிய மூன்று துண்டுச் சீட்டுகளை எடுத்து வைத்தார். ஏப்ரல் 23. ஜூன் 4. ஜூலை 16. மூன்றும் என் கையெழுத்து.

"மரம் அறுக்கிற மெஷினுக்குப் பெர்மிட் கேட்டு மார்ச் பன்னெண்டுல ஒங்கட கவுண்டருக்கு வந்தேன் சேர். ஒங்களுக்கு என்ட மொகம் ஞாபகமில்ல. ஒவ்வொரு தடவையும் நல்ல திகதி கெடச்சிருக்குன்னு பொண்டாட்டிக்கிட்ட செல்லிச் சந்தோசப்பட்டேன். மூணாவது தடவ பஸ்ல வரக்கொள்ளதான் எண்ணிப் பாத்தேன். நூத்தி இருபத்தாறு நாள். அதுக்குப் பொறகு நானும் கஸ்டமர்மாருக்குத் திகதிதான் செல்றது. ஏவாரம் நல்லா ஈக்கிது."

கடைக்குப் பின்னால் படங்கு போட்டு மூடிக் கிடந்த மெஷினைக் காட்டினார்.

"பெர்மிட் இல்லாததால பலகைய வெளியில குடுத்துத்தான் அறுக்கிறோம். அவங்க இழுத்தா எனக்கும் இழுக்கும். இருபத்தேழுக்கு முடியுமான்னு எனக்கே தெரியா சேர்."

புஷ்பம் என் பக்கம் திரும்பினாள்.

"இவரு பெர்மிட் எப்ப முடியும்?"

"வர்ற பதினாறாந் திகதி..."

"திகதி வேணாங்க. எத்தன நாள் வேல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கோப்பு என் மேசையில் இடது பக்க அடுக்கில் கிடக்கிறது. கந்தோர்ப் பெரியவரிடம் ஒரு கையொப்பம் வாங்கி முத்திரை குத்த வேண்டும்.

"அரை நாள்" என்றேன்.