மூக்கெல்லாம் துரு

பெப்பிட்டோ ஆள் ஏற்றும் தன் ஜீப்னி வண்டியைப் பட்டறை வாசலை அடைத்து நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய் வண்டியின் மூக்கில் வைத்துத் தேய்த்தான். எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் செம்பழுப்பு. பளபளவென்று அனுப்பிய எவர்சில்வர் தகட்டில், அம்மை போட்ட மாதிரி பொடிப் பொடியாகத் துரு.

"இருவது நாளுதான் ஆச்சு. பத்தங்காஸ் துறைமுகத்துல அத்தனை டிரைவரும் கேக்குறான், இதென்னடா உன் வண்டிக்குப் பரு வந்திருக்குன்னு. எஞ்சின் மூடியத் தொறந்து பாரு, யார் பேரு இருக்குன்னு."

பார்க்க வேண்டியதே இல்லை. மூக்கைத் தேய்த்து முடித்தவர் மூடிக்கு உள்பக்கம் பெயர் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம். ரொசெண்டா என்று நானேதான் எழுதினேன். அந்தப் பெயருக்காகவே வண்டி கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கர்வமாகவே சொல்கிறேன்.

முதலாளி டெல்ஃபின் காப்பிக் குவளையோடு வெளியே வந்தார். துருவைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "இரும்புல ஓட்டின கிரைண்டர் வீலை இதுல ஓட்டியிருக்கீங்க. எவன் செஞ்சாலும் சரி, எவ செஞ்சாலும் சரி, இன்னைக்கே கெளம்பிட வேண்டியதுதான்."

கிரைண்டர் பிடிக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி இது. வெட்ட மெல்லிசு வீல், பற்றவைத்த தடிப்பைக் கரைக்கத் தடி வீல், மெருகுக்கு உப்புத்தாள் அடுக்கிய வீல். ஆனால் எதுவானாலும் இரும்பில் ஒருமுறை பட்டுவிட்டால் அது இரும்புக்குத்தான். அதில் ஒட்டிய இரும்புத் தூள் எவர்சில்வருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு நாள் கடல்காற்று பட்டால் வெளியே வந்து பல்லைக் காட்டும். அதற்காகத்தான் என் வீல்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கிறேன்.

"மகாராணி பெட்டியத் தொறந்து காட்டச் சொல்லுங்க மொதலாளி," என்றான் கிறிசாந்தோ. அடிச்சட்டம் பற்றவைக்கிறவன். ஆறு வருடமாக என் மேஜை மேல் அவனுக்குக் கண். பொம்பளைக்கு எதுக்கு எவர்சில்வர் வேலை என்று என் காதுபடவே சொல்கிறவன்.

"தாராளமாப் பாரு. உன்னாட்டம் நாறவெச்சுக்கிட்டா இருக்கேன்?" என்று திறந்து விட்டேன்.

அவன் ஒவ்வொரு வீலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் எனக்கு அந்த ஒரு வீல் ஞாபகத்துக்கு வந்தது. போன மாதம் என் புது வீல் ஒன்று காணாமல் போனது. அவன்தான் எடுத்தான் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த ஆத்திரத்தில், அவன் சாப்பிடப் போன நேரம் அவன் பெட்டியிலிருந்து மெருகு வீல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். புத்தம் புதுசு போலத்தான் இருந்தது. அவன் வீல்களுக்கெல்லாம் நீலப் பெயின்ட் அடையாளம் இருக்கும். தின்னர் தொட்டுத் துடைத்தேன். மறுநாள் பெப்பிட்டோவின் மூக்குக்கு அதைத்தான் மாட்டினேன்.

கிறிசாந்தோவின் கை நாலாவது வீலில் நின்றது. நடு ஓட்டையின் விளிம்பில் பொட்டு நீலம் மிச்சம் இருந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகப் பெட்டியில் வைத்தான்.

"எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு மொதலாளி. தகடே மட்டத் தகடா இருக்கும். பாவம், மகாராணி என்ன பண்ணுவா?"

டெல்ஃபின் மூச்சு விட்டார். தகடு விற்ற கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். பெப்பிட்டோவும் சேர்ந்துகொண்டான். அந்தச் சத்தத்தில் கிறிசாந்தோ என் பக்கம் குனிந்தான்.

"அந்த வீலை ஒருக்கா இரும்புக் கீல் மேல வெச்சு ஓட்டிட்டு வெச்சிருந்தேன். பரவால்ல, விடு. நாளைலேர்ந்து உன் மேஜைல எனக்கும் பாதி. மூடில என் பேரும் வரட்டும். நமக்குள்ள என்ன?"

நமக்குள்ள. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் கூசியது. இவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காட்டிக்கொடுத்திருந்தால் ஒருவேளை மதித்துக்கூட இருப்பேன். தினம் காலையில் இந்த இளிப்பைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்று, இவன் பெயரை என் பெயருக்குக் கீழே எழுதுவதா?

பெட்டியில் கையை விட்டு நாலாவது வீலை எடுத்தேன்.

"மொதலாளி, தகட்டுல ஒரு குத்தமும் இல்ல. இது இவன் வீலு. நான்தான் திருடினேன். மூக்கை இதாலதான் தேச்சேன்."

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. டெல்ஃபின் குவளையைக் கீழே வைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கிறிசாந்தோவின் முகத்தைத்தான் பார்த்தேன். இளிப்பு இன்னும் அங்கேயே இருந்தது, ஆனால் எப்படி மூடுவது என்று தெரியாத வாயாக. வீலை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன். அவன் வாங்கவும் இல்லை, விலகவும் இல்லை.