பயந்துக்கிட்டே ஆடினா என்ன

போன தடவை பாதி ஆட்டத்துல, என்கூட ஆடுற மரேவெயாவுக்கு மூச்சு முட்டி, விரல் மரத்து, கண்ணுல தண்ணி கொட்டுச்சு. கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஒரே ஆரவாரம். எங்க கிரிபாஸ் தீவுல ஆடுறவ நடுங்கி அழுதா, ஆட்டத்தோட சக்தி இறங்கிடுச்சுன்னு அர்த்தம். பாராட்டுறேன்னு ஓடிவந்து கழுத்துல பவுடர் அப்பி, மூஞ்சில சென்ட் அடிச்சாங்க. மூச்சே விட முடியாதவ மூஞ்சில. அவ எந்திரிச்சு ஓடியே போயிட்டா.

நர்ஸ் பாத்துட்டு, "இதயம் குண்டுக்கல்லாட்டம் இருக்கு. பயத்துல வேகவேகமா மூச்சு விடுற, அதான் விரல் மரக்குது. சாக மாட்ட, போ"ன்னுட்டாங்க.

இப்ப சுதந்திர தினப் போட்டி. ஆட்டம் சொல்லித்தர்ற தெகாபு மாமா அவளை முன்வரிசை நடுவுல போட்டாரு. "அந்த நடுக்கத்தை அப்படியே குடும்மா, பரிசு நமக்குத்தான்."

அவ அக்கா தெபோரா விடல. "பின்னாடி பாடுறவங்களோட உக்காருடி. எல்லார் முன்னாடியும் விழுந்து வைக்காத."

"விழுந்தாலும் கையை நேரா வெச்சுக்கிட்டு விழறேன். கடைசி அசைவு வரைக்கும் ஆடணும்க்கா, அவ்ளோதான்."

உக்காந்து ஆடுற ஆட்டம். பக்கத்துல நான். மூணாவது பாட்டு வரியிலயே அவ முட்டி நடுங்கி என் தொடையில இடிக்குது. கழுத்தெல்லாம் வேர்வை, மூச்சு விசிலடிக்குது, விரல் கொக்கி மாதிரி வளையுது. உதடு அசையாம அந்தப் பயத்துக்கிட்ட முணுமுணுக்குறா: "வந்துட்டியா? வா, ஓரமா உக்காரு. எனக்கு ஆட்டம் இருக்கு."

எனக்கு சிரிப்பு. எங்க ஆட்டத்துல சிரிச்சா அசிங்கம், பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

தெபோரா ஓடிவந்து அவ கையைப் பிடிச்சா. "போதும், வா."

"விடுக்கா. அந்தக் கை இப்ப மேல போகணும்."

அக்கா விட்டுட்டா. கை மேல போச்சு. நடுங்கிக்கிட்டே, ஆனா தாளத்துல. கடைசி தட்டு வரைக்கும்.

தெகாபு மாமா நடுவருங்க பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, சக்தி இறங்கிடுச்சு"ன்னாரு.

"சக்தி இல்ல மாமா, பயம்"னா மரேவெயா, இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டு. "பயந்துக்கிட்டேதான் ஆடினேன். முழுசா ஆடினேன்."

மாமா அவ பக்கம் குனிஞ்சாரு.

"ஏம்மா, நடுவர் காதுல விழுதே..."

"விழட்டும். அடுத்த பாட்டுக்கும் நான் இங்கதான் உக்காருவேன்."

வளைஞ்சு நின்ன அவ விரலை நான் ஒண்ணொண்ணா நீட்டிவிட்டேன். சுண்டுவிரல் நிமிர்றதுக்குள்ள அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருச்சு.