பைக்குள் கிடந்த மற்றத் திறப்பு

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. கதவோரம் இருக்கிறவர்களும் பாயின் பக்கம் தள்ளி வாருங்கள். இன்றைக்கு ஒரு கார்த் திறப்பின், அதுதான் சாவியின், கதை சொல்கிறேன். நீளமானது இல்லை. அழவைக்கிற கதையும் இல்லை. அதில் வருகிறவளுக்கே அழுகை வரவில்லை, உங்களுக்கு எதற்கு?

உரும்பிராயில் தம்பிஐயா, மகாதேவி என்று ஒரு புருசன் பெண்சாதி. தம்பிஐயா தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் தர்சிகா கனடாவில். ஓய்வுக்குப் பிறகுதான் அவர் கார் வாங்கினார். ஜப்பானில் யாரோ ஓடிவிட்டுக் கப்பலில் ஏற்றிய கார். அதில் திறப்பைப் போட்டுத் திருகுவதற்குத் துவாரமே கிடையாது. திறப்பு என்பது தீப்பெட்டியிலும் சின்ன ஒரு கறுப்புக் கட்டி. அது பொக்கற்றுக்குள்ளோ பைக்குள்ளோ கிடந்தால் போதும், காருக்குத் தெரிந்துவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அமத்தினால் கார் ஆயத்தம். திறப்பு உள்ளே இல்லையென்றால் நூறு தரம் அமத்தினாலும் அசையாது.

காரோடு இரண்டு திறப்புகள் வந்தன. ஒன்று தம்பிஐயாவின் சேட்டுப் பொக்கற்றுக்குப் போனது. மற்றதை மகாதேவி தன்னுடைய நீலப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் எல்லாம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது, ஒரு கையில் தர்சிகாவையும் மறு கையில் அந்தப் பையையும்தான் அவள் கொண்டுபோனாள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. பைக்குள் கிடந்தவை மட்டும் மிஞ்சியிருந்தன. அன்றிலிருந்து அவள் படலை தாண்டினால் பையும் தாண்டும். கலியாண வீட்டுக்கும் போகும், கோயிலுக்கும் போகும்.

“இஞ்சேரும், சந்தைக்கும் காணி உறுதி வேணுமே? கத்தரிக்காய்க்காரன் கேக்கிறவனோ?” என்பார் தம்பிஐயா.

“நீங்கள் காரைப் பாத்து ஓட்டுங்கோ. என்ரை பை என்ரை பாட்டிலை இருக்கும்.”

அவர் தனியே போவதென்றால் சைக்கிள்தான். கார் மகாதேவியை ஏற்றிக்கொண்டு போவதற்கென்று வாங்கியது. அவள் இல்லாமல் அது ஒருநாளும் படலைக்கு வெளியே போனதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

காரை எடுத்தவுடன் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் என்னவோ சொல்லும். தம்பிஐயா “ஓம் ஓம்” என்று பதில் சொல்வார். தைப்பொங்கலுக்குப் பிறகு திரையில் புதிதாக ஒரு வரி எழுத்தும் வரத் தொடங்கியது.

“உதென்ன உது எழுதிக் கிடக்கு?”

“ஜப்பான்காரி சுகம் விசாரிக்கிறாள்.”

“ஆரை?”

“என்னைத்தான். உம்மை விசாரிச்சால் நீர் திருப்பி நூறு கேள்வி கேப்பீர் எண்டு அவளுக்குத் தெரியும்.”

இருவரும் சிரித்தார்கள். அந்த எழுத்தை யாரிடமும் காட்டவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. தர்சிகா கேட்டிருந்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காக மகாதேவி யாழ்ப்பாணம் கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் கந்தோருக்கு, போக வேண்டியிருந்தது.

“எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி எரியுது. வாயுவாக்கும். நீர் பஸ்ஸிலை போயிட்டு வாரும்” என்றார் தம்பிஐயா.

அவள் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். பையைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். மாமரத்தடியில் காரின் கதவு பாதி திறந்திருந்தது. தம்பிஐயா ஓட்டுகிற இருக்கையில் இருந்தார். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. வலது கால் பிரேக்கின் மேல். கையில் திறப்பு. மகாதேவி அவரை நிமிர்த்தக் குனிந்தாள். தோளில் பை. ஒரு கையை எங்கேயோ ஊன்றினாள். ஊன்றிய இடத்தில்தான் அந்தப் பொத்தான் இருந்தது. திரை வெளித்தது. ஜப்பான்காரி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். ‘ஓம்’ சொல்ல ஆளில்லை.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வாத்தியார் ஓடிவந்தார். கார் ஆயத்தமாக இருந்தபடியால் அதிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டொக்டர் பார்த்துவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது என்றார். வாத்தியார் அதே காரில் மகாதேவியை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அதற்குப் பிறகு அவள் நடந்தாள், இருந்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். காலில் கல் குத்தி இரத்தம் வந்ததை இன்னொருவர் சொல்லித்தான் கண்டாள். ஒன்று மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. நான் போனபோது கார் நூர்ந்து, அசையாமல் கிடந்தது. நான் தொட்டதும் எழும்பியது. அவர் கையிலும் திறப்பு இருந்ததே.

செத்தவீட்டன்று பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் பிரேதத்தின் காலடியில் விழுந்து புலம்பினாள். முப்பது வருடமாக வேலிக்கு மேலால் கறி கைமாறிய வீடு அது.

“ஐயோ அண்ணை, ரெண்டு தரம் ஹோர்ன் கேட்டது. மீன்காரன் எண்டு நினைச்சனான். வெள்ளிக்கிழமை மச்சம் காய்ச்சாத வீட்டுக்கு முன்னாலை நிண்டு அடிக்கிறான் எண்டு ஏசிப்போட்டு இருந்திட்டன். என்ரை வாய் அழுகிப் போகாதோ!”

விமானத்தால் வந்து இறங்கிய தர்சிகா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கணக்கு நேராகத் தெரிந்தது. கார் நல்ல கார், வாத்தியார் ஓட்டினாரே. அப்பாவுக்கு ஓட்ட ஏலவில்லை. அதனால்தான் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டிருக்கிறார். கேட்டவள் வரவில்லை.

எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற அந்த நாளில், சின்னத்தங்கம் ஒரு சட்டி பயத்தம் பணியாரத்தோடு படலையில் வந்து நின்றாள். தம்பிஐயாவுக்கு அது உயிர்.

“எங்களிட்டை எல்லாம் இருக்கு மாமி” என்றாள் தர்சிகா. “அப்பா கூப்பிடேக்கை வராதனீங்கள். இப்ப ஆரும் கூப்பிடேல்லை.”

சின்னத்தங்கம் சட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு மகாதேவியைப் பார்த்தாள். மகாதேவி தூணில் சாய்ந்து நின்றாள். அப்படியில்லை மகள் என்று சொல்ல ஒரு வாய்தான் வேண்டும். சொன்னால், இப்போது அங்கே பார்க்கிற பார்வையை மகள் இங்கே திருப்புவாள். சட்டி திரும்பிப் போனது.

இருபத்தொன்பதாம் நாள் திருத்தவேலைக்கார அடைக்கலநாதன் வந்தான். முப்பத்தொன்றாம் நாள், செத்தவருக்குக் கிரியை செய்கிற அந்தியேட்டிக்கு, கீரிமலைக் கடற்கரைக்குப் போக வேண்டும். அப்பாவின் காரில்தான் போவேன் என்று தர்சிகா நின்றதால், ஒரு மாதம் எடுக்காத காரைப் பார்க்க அவனை வரச் சொல்லியிருந்தாள். அவன் வந்த நேரம் அவள் பூசைச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள்.

அடைக்கலநாதன் தம்பிஐயாவின் திறப்போடு ஏறிப் பொத்தானை அமத்தினான். கார் எழும்பவில்லை. திரையில் வந்த ஜப்பான் எழுத்தை மொழிபெயர்க்க அதற்கு மேல் போனைப் பிடித்தான்.

“திறப்பைக் காணேல்லையாம் அன்ரி! கையிலை வைச்சிருக்கிறன், காணேல்லையாம்.” திறப்பை நகத்தால் பிளந்து, உள்ளேயிருந்த காசு மாதிரியான பற்றரியைச் சோதித்தான். “இது செத்துக் கனகாலம். இதை மாத்துங்கோ எண்டும் ஒரு எழுத்து வந்திருக்குமே?”

“வந்தது” என்றாள் மகாதேவி. “அப்ப இவ்வளவு நாளும் கார் எப்பிடித் தம்பி ஓடினது?”

“மற்றத் திறப்பு காருக்குள்ளை இருந்திருக்கும். அது ஆரிட்டை?”

“என்னட்டை.”

“அப்ப நீங்கள்தான் அன்ரி காருக்குத் திறப்பு!” என்று சிரித்தான். பிறகு செத்தவீடு என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான். சும்மா இருக்க முடியாமல், “செத்த திறப்பெண்டாலும் இந்தப் பொத்தானிலை முட்டிப் பிடிச்சால் எடுக்கும். ஐயாக்கு அது தெரியாதாக்கும்” என்றான்.

மகாதேவிக்கு நோகவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது.

“புதுப் பற்றரி போடட்டே?”

“வேண்டாம். முப்பத்தொண்டு கழிய வாரும்.”

அவன் ஒன்றும் விளங்காமல் பழையதையே திரும்பப் போட்டுவிட்டுப் போனான்.

முப்பத்தொன்றாம் நாள் காலை. உறவுக்காரர் ஏறிய வான் முன்னால் போய்விட்டது. தர்சிகா தகப்பனின் திறப்போடு காரில் ஏறி, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமத்தினாள். அசையவில்லை. இன்னொரு தரம் அமத்தினாள்.

“அம்மா, உவன் அடைக்கலநாதன் என்னத்தைப் பாத்தவன்? எங்கை நிக்கிறியள்?”

மகாதேவி பையோடு சின்னத்தங்கத்தின் படலைக்கு வெளியே நின்றாள். அந்தியேட்டி கழியும்வரை துடக்கு. இன்னொரு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வெளியே நின்றபடி கூப்பிட்டாள்.

“தங்கம்.”

சின்னத்தங்கம் விளக்குமாறும் கையுமாக வந்தாள். “என்ன தேவியக்கா?”

“சீலையை மாத்திக்கொண்டு வா. கீரிமலைக்கு.”

“பிள்ளை ஏசும்.”

“ஏசட்டும். ஆரை ஏச வேணும் எண்டு இண்டைக்குச் சொல்லுறன்.”

அவர்கள் வந்தபோது தர்சிகா ஐந்தாறு தரம் அமத்திவிட்டு வியர்த்துப்போய் இருந்தாள். சின்னத்தங்கத்தைக் கண்டதும் முகம் இறுகியது. மகாதேவி மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, பையை மடியில் வைத்தாள்.

“இப்ப அமத்து.”

தர்சிகா அமத்தினாள். திரை வெளித்தது. ஜப்பான்காரி பேசினாள்.

“எல்லா நாளும் இப்பிடித்தான்” என்றாள் மகாதேவி. “அப்பான்ரை திறப்பு செத்து எத்தினை மாசமோ தெரியாது. என்ரை பைக்குள்ளை கிடந்ததாலைதான் கார் ஓடினது. அண்டைக்குப் பை என்னோடை டவுனுக்கு வந்திட்டுது. அப்பா ஏறி இருந்து அமத்தியிருக்கிறார். நீ இப்ப அமத்தின மாதிரி. அதுக்குப் பிறகுதான் ஹோர்ன் அடிச்சிருக்கிறார்.”

வெளியே நின்ற சின்னத்தங்கம் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?” என்றாள் தர்சிகா. தாயைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள்.

“அண்டைக்கே சந்தேகம். முந்தநாள் தெரியும்.”

“எட்டண்டு மாமி வரேக்கை?”

“வாயைத் திறக்கேல்லை. நீ என்னை அப்பிடிப் பாப்பாய் எண்டு.”

தர்சிகா சுக்கானில் கைகளை வைத்தபடி இருந்தாள். ஒருவரும் அழவில்லை. மாவிலை ஒன்று கண்ணாடியில் விழுந்து கிடந்தது.

“விடு பிள்ளை” என்றாள் சின்னத்தங்கம். “வான் போயிட்டுது. நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ.”

தர்சிகா எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள். சின்னத்தங்கம் ஏறி ஓரமாக இருந்தாள். தர்சிகா குனிந்து தாயின் பெல்ற்றை இழுத்துக் கொழுவினாள். பையும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. அவள் அதை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

“மாமி, பெல்ற்றைப் போடுங்கோ.”

அவ்வளவுதான், என் குஞ்சுகளே. அடைக்கலநாதன் பிறகு வந்து இரண்டு திறப்புகளுக்கும் புதுப் பற்றரி போட்டான். மற்றத் திறப்பு இப்போது அவசரத்துக்கென்று சின்னத்தங்கத்தின் குசினிக்குள் ஆணியில் தொங்குகிறது. பை இன்னும் மகாதேவியோடுதான் பஸ் ஏறுகிறது. உள்ளே கடதாசிகள் மட்டும்.

உங்கள் வீடுகளில் திறப்புகள் எல்லாம் உயிரோடு இருக்கட்டும். நீங்கள் கூப்பிடுகிற சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் சரியாகக் கேட்கட்டும். ஒரு மணி பஸ்ஸில் வருகிறவரை வாசலில் நின்று பார்க்க ஆள் இருக்கட்டும். போனவர் எல்லாரும் வந்து சேர்ந்து, உலை கொதித்து, உங்கள் குடி நல்லாயிருக்கட்டும்.