மேலப் போத்தல், கீழப் போத்தல்

ஆம்ப்ரோஸ் கைராசிக்காரன் என்று ஆய்வுக்கூடத்தில் பேர். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீல நிறம் மறைகிற அந்த ஒரே சொட்டில் நிறுத்துவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிங்கப்பூரின் ஆற்றையும் வாய்க்காலையும் பதினோரு வருடமாகப் போத்தல் போத்தலாகச் சோதித்தவன். எந்தப் பட்டறையை மூடுவது, எந்தப் பண்ணையைக் காலி செய்வது என்பதை இலாகாவில் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். அவர்கள் நம்பிக் கையெழுத்துப் போடுகிற எண் ஆம்ப்ரோஸுடையது. சும்மா சொல்லக்கூடாது, அவன் எண் ஒருநாளும் தப்பியதில்லை. அந்த 1982ஆம் வருடமும் எண் தப்பவில்லை. தப்பியது வேறு.

ஆறுகளைச் சுத்தம் செய்யும் வேலை ஊர் முழுக்க மும்முரமாக நடந்த காலம் அது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஓடி, காலாங் ஆற்றில் விழுகிற ஒரு வாய்க்காலின் ஓரத்தில் கண்மணி என்ற அம்மாளின் மாட்டுத் தொழுவம் இருந்தது. பதினான்கு மாடுகள். கணவர் போன பிறகு தனி ஆளாக நின்று நடத்தினார். தேக்கா பக்கம் பாதிக் காப்பிக் கடைகளுக்கு அவர் பால்தான். வாய்க்கால் நாறுகிறது என்று யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். தொழுவம்தான் காரணமா என்று பார்த்துச் சொல்லும்படி அதிகாரி நூருல் அமீன் ஆம்ப்ரோஸிடம் வேலையைக் கொடுத்தார்.

சோதனை எளியது. தண்ணீர் தொழுவத்துக்கு வருமுன் ஒரு போத்தல், தொழுவத்தைத் தாண்டிய பின் ஒரு போத்தல். இரண்டையும் குளிர் அலமாரியில், இருட்டில், ஐந்து நாள் வைக்க வேண்டும். தண்ணீரில் அழுக்கு இருந்தால், அதைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் கரைந்த பிராணவாயுவையும் தீர்த்துவிடும். எவ்வளவு தீர்ந்தது என்று ஐந்தாம் நாள் பார்த்தால் அதுதான் அழுக்கின் எண். முதல் போத்தல் சுத்தமாக இருந்து இரண்டாவது அழுக்காக இருந்தால் குற்றம் தொழுவத்தின் மேல். இந்த ஐந்து நாளை நாலாக்க யாராலும் முடியாது. அவசரப்படுகிறவர்களிடம் ஆம்ப்ரோஸ் சிங்கப்பூர் 'லா' போட்டுச் சொல்வான்: "ஆண்டவருக்கே உலகத்தைப் படைக்க ஆறு நாள் ஆச்சு. எனக்கு அஞ்சு நாள் கொடுங்க லா."

தண்ணீர் மொண்டு வருகிறவர் துரைசாமி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். இங்கிலீஷ் பேசுவார், எழுத வராது. ஆம்ப்ரோஸ் இங்கேயே பிறந்து இங்கேயே தமிழ் படித்தவன்.

"அண்ணே, தொழுவத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு எடுத்துட்டு வாங்க. மூணு புதன்கிழமை எடுக்கணும்."

"சரி தம்பி."

மூன்று புதன்கிழமையும் போத்தல்கள் வந்தன. மெழுகுப் பென்சிலால் ஒன்றில் 'மே', மற்றதில் 'கீ' என்று தெளிவாக எழுதியிருந்தது. 'மே' பதினான்கு. 'கீ' அறுபத்திரண்டு. மூன்று வாரமும் ஏறக்குறைய அதே கணக்கு. தொழுவத்துக்கு முன்னால் பதினான்கு, தாண்டினால் அறுபத்திரண்டு என்று ஆம்ப்ரோஸ் அறிக்கை எழுதினான். அடுத்த மாதம் முதல் புதன்கிழமைக்குள் மாடுகளை அப்புறப்படுத்தும்படி உத்தரவு போனது.

கண்மணி ஆபீசுக்கே வந்துவிட்டார். "சார், ஒரு கூடை சாணிகூட வாய்க்காலுக்குப் போறதில்ல. தொழுவம் கழுவுற தண்ணிகூடக் குழிக்குத்தான் போகுது. பொங்கோல் தோட்டக்காரங்க லாரி கொண்டாந்து அள்ளிட்டுப் போறாங்க. வேணும்னா வந்து பாருங்க."

"நான் சொல்லல அக்கா. நம்பர் சொல்லுது."

"உங்களுக்குக் கொஞ்சங்கூட சந்தேகமே இல்லையா?"

"சந்தேகமே இல்ல அக்கா."

கண்மணி எழுந்து போய்விட்டார். ஆம்ப்ரோஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எண் எண்தானே என்று அடுத்த போத்தலைக் கையில் எடுத்தான்.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்ததும் துரைசாமி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். "முன்னாடி போயி எடம் பிடிக்கிறேன். பெருமாள் கோயிலுக்கு எதிர்ல ஒரு பூக்கடை இருக்குல்ல, அதுக்கு மேல புதுசா ஒரு சாப்பாட்டுக் கடை. வந்துருங்க."

ஆம்ப்ரோஸ் பூக்கடையைக் கண்டுபிடித்து, பக்கத்துப் படியில் ஏறினான். மாடியில் ஒரு சீனத் தையல்காரம்மா வாயில் குண்டூசியோடு அவனை முறைத்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினான். நாலு கடை தள்ளி, வாசலில் நின்று துரைசாமி கை காட்டினார்.

"மாடிக்கு எதுக்குப் போனீங்க தம்பி?"

"நீங்கதானே பூக்கடைக்கு மேலன்னு சொன்னீங்க!"

துரைசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "அட, மேலன்னா மேலண்டை. பொழுது சாயற பக்கம். எங்க ஊர்ல மேலத்தெரு என்ன மாடியிலயா இருக்கு?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். இரண்டாவது வாய்க்கு எடுத்த சோற்றை இலையிலேயே போட்டான்.

"அண்ணே... தொழுவத்துப் போத்தல்ல 'மே'ன்னு எழுதினீங்களே?"

"ஆமா, மேலண்டை எடுத்தது. நீங்கதானே மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

"காலாங் ஆறு மேலண்டைதானே இருக்கு? அங்கதான் ஓடுது."

ஆம்ப்ரோஸ் இலையை மூடினான். துரைசாமியின் 'மே' மேற்கு, 'கீ' கிழக்கு. அது தண்ணீர் தொழுவத்தைத் தாண்டிப் போகிற பக்கம். அதைப் போய், நீரோட்டத்தின் மேல்பக்கம் என்று நினைத்து, தண்ணீர் வருகிற பக்கம் என்று எழுதிவிட்டான். அப்படியென்றால் அந்த அறுபத்திரண்டு அழுக்கும் தொழுவத்துக்கு வருமுன்பே தண்ணீரில் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய்க்காலை நேரில் போய்ப் பார்த்திருந்தால் போதும். பதினோரு வருடத்துக் கைராசிக்காரனுக்கு அது தோன்றவில்லையே!

இருவரும் ஆய்வுக்கூடத்தில் போத்தல்களை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார்கள். ஆம்ப்ரோஸ் ஓர் இலையைக் கிள்ளி வாய்க்காலில் போட்டான். அது வெயில் சாய்கிற பக்கமாக மெதுவாக நகர்ந்தது. கிழக்கே நடந்து பார்த்தார்கள். சோயாக் கட்டி செய்கிற பட்டறை ஒன்றின் குழாயிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தொழுவத்தின் பின்னால் ஒரு நல்ல தண்ணீர் ஓடை வந்து கலந்து அந்த வெள்ளையை மங்க வைத்தது. ஆம்ப்ரோஸ் தன் கையாலேயே இரண்டு போத்தல் மொண்டான். 'தண்ணீர் வரும் பக்கம்', 'தண்ணீர் போகும் பக்கம்' என்று முழுசாக எழுதினான். சனிக்கிழமை எடுத்த தண்ணீர் வியாழக்கிழமைதான் பேசும். கெடுவோ புதன்கிழமை.

திங்கள் காலை நூருல் அமீனிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் பழைய அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"என் தப்பு சார்."

"நான்தான் கையெழுத்துப் போட்டேன், ஆம்ப்ரோஸ். ஆனா வாய் வார்த்தைக்கு உத்தரவை ரத்து பண்ண முடியாது. நம்பர் கொண்டா, உடனே பண்ணிடறேன். கெடுவை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வெக்கிறேன். போய் அந்தம்மாகிட்ட நீயே சொல்லு."

செவ்வாய்க்கிழமை கண்மணியின் தொழுவத்தில் நின்று ஆம்ப்ரோஸ் சொன்னான். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மாடுங்களை வாங்கிக்க ஜொகூர்லேருந்து பண்ணைக்காரர் நாளைக்கு லாரி அனுப்பறாரு. பாலத்தைத் தாண்டி மலேசியா போகப் பேப்பரெல்லாம் நாளைத் தேதிக்குத்தான் வாங்கியிருக்கு. நாளைக்கு இல்லேன்னா அவர் வேற எடத்துல பார்த்துக்குவாரு. அப்புறம் பதினாலையும் ஒண்ணா வாங்க ஆள் கிடையாது. கறிக்குத்தான் போகும். அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். வியாழக்கிழமை நம்பர் எங்களுக்கு நல்லதா வருமா? வரும்னு சொன்னீங்கன்னா லாரி வேணாம்னு இப்பவே போன் பண்ணிடறேன்."

ஆம்ப்ரோஸ் வாயைத் திறந்தான். இலை போன பக்கத்தைக் கண்ணால் பார்த்தவன், வெள்ளைத் தண்ணீரையும் பார்த்தவன். வரும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இதே அம்மாளிடம் ஒருமுறை அடித்துச் சொல்லி, அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று. இன்னொரு முறை சொல்லி, அதுவும் தவறிவிட்டால்?

"தெரியாது அக்கா. அஞ்சு நாள் ஆகணும்."

"சரி" என்றார் கண்மணி.

புதன்கிழமை மாடுகள் போய்விட்டன. "அட பாவி மனுசா, வரும்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று துரைசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஆம்ப்ரோஸ் போத்தல்களை எடுத்தான். இரண்டு தரம் செய்து பார்த்தான். தண்ணீர் வரும் பக்கம் அறுபது. போகும் பக்கம் பதினைந்து. நூருல் அமீன் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு மணி நேரத்தில் உத்தரவை ரத்து செய்து கடிதம் கொடுத்தார். பட்டறைக்கும் ஆள் அனுப்பினார். ஆம்ப்ரோஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கண்மணி வெறும் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பழக்கம், விடவில்லை போலிருக்கிறது. அவர் ஊற்றிய தண்ணீர் தரையைச் சுற்றி வந்து குழிக்குள் இறங்கியது. வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கடிதத்தைப் படித்துக் காட்டினான். அறுபது, பதினைந்து என்பதை இரண்டு தடவை சொன்னான்.

கண்மணி கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகினார். வாளியை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார்.

"அன்னிக்கு ஆபீஸ்ல சந்தேகமே இல்லன்னு சொன்னீங்க. முந்தாநாள் இங்க நின்னு தெரியாதுன்னு சொன்னீங்க. அந்த ரெண்டையும் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா சார்?"