லெஃபெவ்ர் என்றால் கொல்லன்

எழுபத்தாறாம் வருடம் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பக்கத்து வீட்டு சுந்தரராஜன் சாருக்கு அவர்கள் இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தட்டு ஒரு சாக்கு. மூன்று வாரமாக அது என்னிடம்தான் கிடந்தது. அவர் மகள் கிருஷ்ணவேணி விரும்புகிற மாண்ட்ரியல் பையன் அன்று முதல்முறையாக வருகிறான். அப்பா சம்மதிக்காவிட்டால் புதன்கிழமை சிட்டி ஹாலில் கல்யாணம் என்று அவள் சொல்லிவிட்டாள். அஜின்கோர்ட் பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்ட் சுவர் வழியாக இதெல்லாம் கேட்காமல் இருக்குமா?

பையன் பெயர் மார்செல் லெஃபெவ்ர். ஊரென்றால் நாலு பேரை விசாரித்துக் குலம் கோத்திரத்தைப் பிடித்துவிடலாம். இங்கே யாரைக் கேட்பது? அந்தப் பெயருக்கு அர்த்தம் தேடி சார் ஒரு வாரம் நூலகத்தில் போய்க் கிடந்தார்.

"கொல்லன்னு போட்டிருக்கும்மா," என்றார், கதவைத் திறந்ததுமே. "இரும்பு அடிக்கிறவங்க."

"பையன் என்ன பண்றான் சார்?"

"பேங்க்ல இருக்கான். அப்பா பல் டாக்டர். தாத்தா மாட்டுப் பண்ணை." குரலைத் தாழ்த்தினார். "மாண்ட்ரியல் டெலிபோன் புக்கையும் பார்த்தேன். பக்கம் பக்கமா லெஃபெவ்ர். வக்கீல், பேக்கரி, பியானோ வாத்தியார். எல்லாரும் கொல்லர்னா இரும்பை யாரும்மா அடிக்கிறது?"

எனக்கும் தலை சுற்றியது. அதனாலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மார்செல் பூங்கொத்தோடு வந்தான். சார் சுற்றி வளைக்காமல் ஆங்கிலத்தில் கேட்டேவிட்டார். கொல்லனா, எனக்கே தெரியாதே என்று சிரித்தவன், உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்றான் மரியாதையாக.

"அழகான ராஜான்னு சொல்லுங்கப்பா," என்றாள் கிருஷ்ணவேணி. "எந்த ஊருக்குன்னு அவர் கேட்டா என்ன சொல்வீங்க?"

இது என் சொந்தப் பெயர், இமிகிரேஷனில் இவளுக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள் என்று சார் விளக்கினார். அப்படியானால் குடும்பப் பெயர் எது என்றான் அவன். எங்களுக்கு அப்படியொன்று கிடையாது என்றார் இவர். பெயரில்லாத குடும்பமா என்று அவன் விழிக்க, அவன் விழிப்பதைப் பார்த்து இவர் விழித்தார்.

தட்டை வைக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். சாரின் மனைவி அகிலாண்டேஸ்வரி அக்கா காபி கலந்து வைத்திருந்தார். அந்த வீட்டில் வெளியாளுக்குப் பீங்கான் கோப்பை, சொந்தத்துக்கு டபரா டம்ளர். எனக்கு நாலு வருடமாகக் கோப்பைதான்.

"எதுல ஊத்தறது, சொல்லேன்," என்றார் கிசுகிசுப்பாக.

ஒரு கையில் கோப்பை, மறு கையில் டம்ளர். கூடத்தில் சார், "உங்கள் தாத்தாவின் தாத்தா..." என்று மறுபடி ஆரம்பித்திருந்தார். பாத்திரத்தில் காபியின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.