ஆளிருக்கா?

யாருக்கும் நோகாமல் போராடுவது எப்படி என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாது. தெரிந்தவர் யாராவது இருந்தால் வந்து சொல்லிக்கொடுக்கட்டும் என்று சங்கக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் மனு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. கம்பெனி முதலாளி ஒவ்வொரு முறையும் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. மணிதான் வரவில்லை.

மணி என்றால் லிஃப்ட்டுக்குள் இருக்கும் அபாய மணி. அந்தக் கம்பெனி பராமரிக்கும் கட்டடங்களில் பாதிக்குப் பாதி பொத்தான் மட்டும் சிவப்பாக, லட்சணமாக இருக்கும். அமுக்கினால் ஊமை. மெக்கானிக்கின் தங்கை புருஷனும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தார். பழுது பார்க்கப் போன இடத்தில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டு, எட்டிய கையால் அந்தப் பொத்தானை அமுக்கியபடியே கிடந்தார். கீழே வாட்ச்மேன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. இப்போது மாப்பிள்ளைக்கு ஒரு கால் முழங்காலோடு சரி. தங்கை அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

கம்பெனியின் ஆபீஸ் ஒரு பதினாலு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தது. அங்கேயே ஒரு நாள் லிஃப்ட்டை நிறுத்துவது என்று சங்கம் முடிவு செய்தது. இரண்டு லிஃப்ட்டில் ஒன்று முன்பே படுத்த படுக்கை. ஓடுவது மற்றொன்றுதான், அதன் மணியும் ஊமை. அதையும் நிறுத்தினால் கட்டடமே கொதிக்கும், கொதித்தால் முதலாளிக்குச் சுடும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவர் பதினோராம் மாடி அக்கா. தையல் மெஷின் வைத்து வீட்டிலேயே தைப்பவர், வாயும் ஊசிதான். போராட்டத்துக்கு முந்தின நாள் மெக்கானிக்கை வாசலிலேயே மடக்கினார்.

"ஏம்பா, நாளைக்கு லிஃப்ட் ஓடாதாமே?"

"ஒரு நாள்தான் அக்கா."

"நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாள். பதினோரு மாடியை அவர் எப்படி இறங்குவார், பறந்தா?"

"அக்கா, கொஞ்சம் கஷ்டம் இல்லாம எதுவும் நடக்காது. யாருக்கும் தொந்தரவு இல்லாம பண்ணினா அதுக்குப் பேரு போராட்டமா? பொழுதுபோக்கு."

"சரி, தொந்தரவு யாருக்குன்னு சொல்லு. உங்க முதலாளி ஆபீஸ் கீழ இருக்கு. அவனுக்கு லிஃப்டே வேண்டாம். கோபம் அவன் மேல, குத்து எம் முதுகுலயா?"

வாயடைத்துப்போய் நிற்பது மெக்கானிக்குக்குப் பழக்கம் இல்லை. மாப்பிள்ளையின் காலைப் பற்றிச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார், கேட்கக் கேட்க முகம் இளகியது.

"அந்தப் பையன் நல்லா இருக்கணும். நீ கேக்கறதும் நியாயம்தான், நான் இல்லேன்னா சொல்றேன்? ஆனா என் நியாயத்தை நான் எங்க போய்க் கேக்கறது?"

கடைசியில் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. காலையில் அக்கா வீட்டுக்காரர் பத்திரமாக இறங்கிப் போனபிறகுதான் லிஃப்ட் நிற்கும். திரும்பி வரும்போது சங்கத்து ஆட்களே நாற்காலியோடு அவரை மேலே தூக்கிக்கொண்டு போவார்கள்.

"தூக்கறது சரி, கீழ போட்டுடாதீங்க. அவர் கணக்கு வாத்தியார், விழும்போதும் படியை எண்ணுவார்" என்றார் அக்கா.

சொன்னபடியே நடந்தது. மறுநாள் காலை அக்காவின் மருமகன் கார் கொண்டுவந்தான். வாத்தியாரைச் சக்கர நாற்காலியில் வைத்து மெக்கானிக்கே லிஃப்ட்டில் இறக்கி, காரில் ஏற்றிவிட்டார். மருமகன் கூடப் போவதால் அக்கா வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லி மேலேயே கையசைத்து விட்டார். கார் தெரு திரும்பியது. மெக்கானிக்குக்கு மனசு நிறைந்திருந்தது. போராட்டத்தையும் விடவில்லை, மனுஷத்தனத்தையும் விடவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அந்த மெச்சலோடுதான் லிஃப்ட்டிலேயே உச்சி மாடிக்குப் போய், மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறினார்.

லிஃப்ட் வேலையில் ஒரு முறை உண்டு. மெயின் சுவிட்சை இறக்குவதற்கு முன், கயிறு இறங்கும் துவாரத்தில் வாயை வைத்து "ஆளிருக்கா?" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். கயிறு ஓடாமல் நின்றால் பெட்டி காலி என்று நினைப்பவன் மெக்கானிக் இல்லை. அதிலும் அந்த லிஃப்ட்டுக்குப் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும் வியாதி வேறு. உள்ளே இருப்பவர் பொத்தானை மறுபடி அமுக்கி அமுக்கி அதை உசுப்ப வேண்டும். மணி ஊமையான கட்டடங்களில் அந்த மூன்று குரல்தான் மணி. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் சுவிட்சை இறக்கலாம்.

அவர் மேலிருந்து போன் செய்த பிறகுதான் கீழே சத்தம் தொடங்க வேண்டும் என்பது பேச்சு. ஆனால் சங்கச் செயலாளருக்குப் பொறுமை என்பது அடுத்த வீட்டுச் சரக்கு. மெக்கானிக் மேலே போய்ச் சேர்ந்த சற்று நேரத்திலேயே சாவி போட்டுத் தரைத்தளத்து லிஃப்ட் கதவை இழுத்துத் திறந்து, கட்டை கொடுத்து நிறுத்தி, குறுக்கே சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். கூட்டம் காலி டின்களைத் தட்டத் தொடங்கிவிட்டது. "மணி எங்கே? மணி எங்கே?" என்ற கோஷம் திறந்த கதவு வழியாக உள்ளே புகுந்து, கிணற்றுக்குள் போட்ட பட்டாசு மாதிரி மேலே வந்து மெக்கானிக்கின் முகத்தில் அடித்தது.

"இந்த மனுஷனுக்கு வாலும் நிக்காது, வாயும் நிக்காது" என்று சிரித்துக்கொண்டார்.

கயிறு நின்றிருந்தது. குனிந்து மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் கோஷம்தான் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. சுவிட்சை இறக்கினார்.

நாள் பிரமாதமாகப் போயிற்று. மாடிக்காரர்கள் மூச்சு வாங்க இறங்கி வந்து சங்கத்துக்காரர்களைத் திட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் முதலாளியையும் சேர்த்துத் திட்டினார்கள். படிக்கட்டு கட்டடத்தின் மறு கோடியில் இருந்ததால் லிஃப்ட் பக்கம் எந்த மாடியிலும் ஆள் நடமாட்டம் இல்லை. மதியத்துக்குள் முதலாளி இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை செயலாளரை உள்ளே கூப்பிட்டார். டின் சத்தம் ஒரு நிமிஷமும் ஓயவில்லை.

மதியம் தாண்டி வாத்தியார் திரும்பி வந்தார். சொன்ன சொல் தவறாமல் மெக்கானிக்கும் இரண்டு கூட்டாளிகளும் மருமகனும் ஆளுக்கொரு மூலை பிடித்து நாற்காலியைத் தூக்கினார்கள். வாத்தியார் சோர்ந்திருந்தாலும் வாய் சோரவில்லை.

"நாலு பேர் தூக்கறது ஒரே ஒரு தடவைதான்னு நினைச்சேன். இது ஒத்திகை போல இருக்கு."

"சும்மா இருங்க மாமா" என்றான் மருமகன்.

"தம்பி, உங்க அக்கா இன்னைக்கு மாத்திரை டப்பாவைக் குடுக்க மறந்துட்டா. ஊரையே குறை சொல்வா, இன்னைக்கு மாட்டினா. போனதும் கேக்கறேன் பாருங்க."

ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார்கள். எல்லாருக்கும் உள்ளூரப் பெருமை. இப்படி ஒரு போராட்டத்தை யார் நடத்துவார்கள் என்று ஒரு கூட்டாளி சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பதினோராம் மாடியில் வீடு பூட்டியிருந்தது.

கதவைத் தட்டினார்கள். மருமகன் போன் போட்டான். போன் வீட்டுக்குள்ளேயே அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"அவங்க காலையிலயே போயிட்டாங்களே. ஐயா போன கையோட, மாத்திரையை மறந்துட்டார்னு டப்பாவை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. கூடவே போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

"எங்ககூட வரலையே" என்றான் மருமகன். "வீட்ல இருக்காங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்."

"எப்படி ஓடினாங்க?" என்று கேட்டார் மெக்கானிக். "படியிலயா?"

"லிஃப்ட்லதான். அப்ப ஓடிச்சே."

மெக்கானிக் லிஃப்ட் பக்கம் ஓடினார். சாவியைப் போட்டுக் கதவை ஒரு சாண் விலக்கி, கட்டையைச் செருகி டார்ச் அடித்தார். கீழே வெகு தூரத்தில், ஐந்தாம் மாடிப் பக்கம், பெட்டியின் தலை தெரிந்தது. "அக்கா!" என்று அலறினார். டின் சத்தம் அந்த அலறலை அப்படியே விழுங்கியது. செயலாளருக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்?

வாத்தியாரின் நாற்காலிக்குப் பிரேக்கைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்மணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எல்லாரும் பறந்தார்கள். கூட்டாளிகளும் மருமகனும் ஐந்தாம் மாடிக்கு ஓட, மெக்கானிக் மொட்டை மாடிக்கு ஏறினார். பிரேக்கை விடுவித்து, கைச்சக்கரத்தைச் சுற்றி, பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தளத்துக்கு இறக்கினார். சுற்றும்போது வாய் விட்டு அழுதார். யாரிடம் என்று தெரியாமல், தப்பா எதுவும் ஆயிடக் கூடாது, ஆயிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே சுற்றினார்.

அவர் இறங்கி வந்தபோது அக்காவை வெளியே எடுத்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். உயிர் இருந்தது. தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி உடம்பெல்லாம் வேர்வை. கதவைத் தட்டித் தட்டி இரண்டு கையும் வீங்கிக் கன்றிப்போயிருந்தன. மடியில் மாத்திரை டப்பா. மருமகன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான், பாதி வழிந்தது.

ஒரு கூட்டாளி போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, மணிப் பொத்தானை அமுக்கியும் அடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. முதலாளி மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்."

மெக்கானிக் போனைத் தட்டிவிட்டார். அது தரையில் உருண்டது. நேற்று என்றால் தானும் அதையேதான் கேட்டிருப்போம் என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம்.

அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். "அக்கா, நான் கூப்பிட்டேன். சத்தியமா கூப்பிட்டேன்."

அக்கா உதட்டை அசைத்தார். குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. அவர் காதை வாயருகே கொண்டுபோனார்.

"கேட்டுச்சு" என்றது அந்தக் காற்று. "மூணு தடவையும் இருக்கேன்னு சொன்னேன்."

மெக்கானிக் எழுந்தார். படி எது, தரை எது என்று தெரியாமல் கீழே ஓடினார். டின்னை நிறுத்த வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், இரண்டும் ஒன்றாகத் தலைக்குள் இடித்துக்கொண்டிருந்தன. தரைத்தளத்தில் கால் வைத்ததும் நாலு கைகள் அவரை அள்ளித் தூக்கின.

"ஜெயிச்சாச்சு!" செயலாளர் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "எல்லா லிஃப்ட்டுக்கும் மணி! எழுதிக் குடுத்துட்டான்யா! பேசு, நீதான் பேசணும்!"

மைக்கைக் கையில் திணித்தார்கள். டின்கள் உச்சத்தில் முழங்கின. தோள் மேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக், "நிறுத்துங்க" என்றார். யாரும் நிறுத்தவில்லை. "நிறுத்துங்கடா!" என்று மைக் கிழியக் கத்தினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு டின்னாக அடங்கியது.

"அஞ்சாம் மாடியில அக்கா கிடக்கறாங்க. காலையிலேர்ந்து லிஃப்ட்டுக்குள்ள இருந்திருக்காங்க. நான்தான் சுவிட்சை இறக்கினேன். டாக்டரைக் கூப்பிடுங்க."

தூக்கியிருந்தவர்களின் தோள் தளர்ந்து அவரைத் தரையில் விட்டது. அந்த அமைதியில், சிவப்புத் துணிக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. பதினோராம் மாடியில் கட்டை செருகிவிட்டு வந்த கதவிடுக்கு வழியாக, பக்கத்து அறையில் பேசுவது போல அவ்வளவு தெளிவாக வந்தது. வாத்தியார்.

"ஏம்மா... இருக்கியா?"

கூட்டம் முழுக்க அந்தக் கதவைப் பார்த்தது. ஒரு இருமல். மறுபடி, "இருக்கியாம்மா?"

மெக்கானிக் துணியை இழுத்துப் போட்டுவிட்டு இருட்டுக்குள் தலையை நீட்டினார். "இருக்காங்க ஐயா! அக்கா இருக்காங்க!"

மேலே மறுபடி ஒரு இருமல்.

"நீ சொல்லாதே தம்பி" என்றார் வாத்தியார். "அவளைச் சொல்லச் சொல்லு."