மாப்பிள்ளைத் தோப்பு

நாற்றுப்பண்ணைப் பொறுப்பாளருக்குத் தன் கைராசியில் அபார நம்பிக்கை. மருந்துக்கென்று பட்டையை உரித்து உரித்தே ஊரார் அழித்த ஒரு மர இனத்தை அவர் கையில் எடுத்திருந்தார். மலையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் கிளைகளை நறுக்கி, வேர்விட வைக்கும் மருந்தில் தோய்த்து, மணல் தட்டில் நட்டு, ஒரு தோப்பையே எழுப்பிவிட்டார். ஓர் இனத்தையே காப்பாற்றியவர் என்று வேறு யாரும் சொல்லாததால் அவரே சொல்லிக்கொண்டார்.

கன்றுகள் பூத்ததும் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். பூ கொட்டிக் கிடந்தது. ஒரு பிஞ்சுகூட இல்லை. ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தவருக்கு முகம் செத்துவிட்டது. அத்தனையும் ஆண் பூ. இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரத்தின் கிளையை எத்தனை துண்டாக நட்டாலும் ஆண்தானே வரும்? படிக்கிற காலத்தில் மனப்பாடமாக ஒப்பித்தவர், நடும்போது கோட்டை விட்டார். பெண் மரம் கிடைக்காவிட்டால் விதை கிடையாது. இந்தத் தோப்போடு வம்சம் முடிந்தது.

மனைவி கல்யாணத் தரகர். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏங்க, மாப்பிள்ளைங்களை மட்டும் வரிசையா நிக்க வச்சு நான்கூட கல்யாணம் பேசினதில்லையே!"

"சிரி, நல்லா சிரி. பொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன மரத்துக்கும் இதே இலைதானே? கொத்துக் கொத்தா காய் தொங்குச்சே."

"அது காய் இல்ல, பூச்சி வச்ச முடிச்சு. நோய் மரம்னு நான்தான்..."

போன மாதம் அதை வெட்டச் சொன்னவரே அவர்தான். மலை மரம் தெருவில் முளைக்குமா என்ற மிதப்பில் இலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இருந்த ஒரே மணப்பெண்ணை நோயாளி என்று முத்திரை குத்தித் தீர்த்துக்கட்டிய மகானுபாவர்! ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

வாசலில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு துளிர். காவலாளி அவரைப் பார்த்ததும் சுறுசுறுப்பாகக் குனிந்தார்.

"நோய் பரவும்னு சொன்னீங்களே சார், வர வரக் கிள்ளிப் போட்டுடறேன். இது ஒண்ணுதான் கண்ணுல படல."

"கையை எடுங்க!" பொறுப்பாளர் தரையில் விழுந்து கட்டையைக் கட்டிக்கொண்டார். "எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு இது!"

காவலாளி இரண்டடி பின்வாங்கி, உள்ளே பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார்.